அது வேற கப்பலா இருக்கும், மாமா

சென்ற மாதம் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று, மதியச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் பாய் விரித்துச் சாய்ந்துவிட்ட நேரத்தில், மொட்டைமாடிப் பந்தலில் இளவட்டங்கள் நான்கைந்து பேர் ஒரே செல்பேசியைச் சுற்றி உட்கார்ந்து காணொளி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேரி செலஸ்ட் என்ற பேய்க்கப்பலின் கதை. மேசைமேல் தேநீர் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது என்றும், அடுப்பில் சமையல் கொதித்துக்கொண்டிருந்தது என்றும், ஆனால் கப்பலில் ஒரு மனிதரும் இல்லை என்றும் கரகரத்த குரலில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தேநீர், கொதிக்கும் சமையல் எல்லாம் பிற்காலத்தில் சேர்த்த சரக்கு என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். அந்தக் கப்பல் அதன் பிறகு மேலும் 12 ஆண்டுகள் சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடியது, கடைசியில் காப்பீட்டுப் பணத்துக்காக ஹெய்ட்டி அருகே வேண்டுமென்றே மோதி உடைத்தார்கள் என்றும் சொல்லிவிட்டேன். தங்கை மகன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: "அது வேற கப்பலா இருக்கும், மாமா."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியம் ஊருக்குத் திரும்பும்போது பேருந்திலும் கூடவே வந்தது. தூத்துக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்கு சர்வேயராக இருந்தவன் நான். நனைந்த மூட்டைகளையும் நசுங்கிய பெட்டிகளையும் பார்த்து, இழப்பு எவ்வளவு, காரணம் என்ன என்று எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு மேரி செலஸ்ட் என்றால், ஆளில்லாமல் கண்டெடுக்கப்பட்ட 1872ஐவிட, மோதி உடைக்கப்பட்ட 1885தான் முக்கியம். உலகத்துக்கோ அந்தக் கப்பல் 1872 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஒரு கப்பலின் வாழ்வில் விடை தெரியாத ஒன்பது நாட்களை வைத்துக்கொண்டு, விடை தெரிந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளை ஏன் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அமேசானாகப் பிறந்தது

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஃபண்டி விரிகுடாக் கரையில் ஸ்பென்சர்ஸ் ஐலண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது; பெயரில்தான் தீவு, ஊர் கரையில் இருக்கிறது. ஜோஷுவா டூயிஸ் என்பவரின் கட்டுதுறையில் 1861 மே மாதம் இந்தக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அப்போது இதன் பெயர் அமேசான். இரண்டு பாய்மரங்கள், ஏறத்தாழ 99 அடி நீளம், 198 டன். இன்றைய பெரிய கொள்கலன் கப்பல்கள் 400 மீட்டர் வரை நீள்கின்றன. இது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் பயணத்துக்குச் சரக்கு ஏற்றும்போதே கேப்டன் ராபர்ட் மெக்லெல்லன் நோய்வாய்ப்பட்டு, கரை திரும்பி இறந்துபோனார். அடுத்த கேப்டன் காலத்தில் மீன்பிடி வலைக்கட்டு ஒன்றில் மோதியது. இங்கிலீஷ் கால்வாயில் வேறொரு கப்பலை இடித்து மூழ்கடித்தது. 1867 அக்டோபரில் கேப் பிரெட்டன் தீவில் புயல் கரையில் தூக்கி எறிய, உரிமையாளர்கள் இது தேறாது என்று கைகழுவிவிட்டார்கள்.

சாபம் பிடித்த கப்பல் என்று இதையெல்லாம் வரிசைப்படுத்திச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் காலத்து வட அட்லாண்டிக்கில் ஓடிய எந்தச் சிறு சரக்குக் கப்பலின் கணக்கைப் புரட்டினாலும் இப்படி நாலு மோதலும் ஒரு தரைதட்டலும் இருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வரும் கணக்குதான். அந்தச் சிதைவை நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹெய்ன்ஸ் 1,750 டாலருக்கு வாங்கி, 8,825 டாலர் செலவழித்துச் சீர்செய்தார். 1868 டிசம்பரில் அமெரிக்கக் கொடியின் கீழ் மேரி செலஸ்ட் என்ற புதுப் பெயரில் பதிவானது. அடுத்த ஆண்டே கடன்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் வின்செஸ்டர் என்பவர் தலைமையிலான கூட்டு அதை வாங்கி, 1872இல் 10,000 டாலர் செலவில் இரண்டாம் தளம் கட்டி, நீளத்தை 103 அடியாகவும் கொள்ளளவை 282 டன்னாகவும் பெருக்கியது. இந்தக் கூட்டில் மொத்தம் 12 பங்குகள். அவற்றில் நான்கு, கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸுக்கு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தன் சேமிப்பில் பெரும்பகுதியைக் கப்பலில் போட்டவர் அதை விளையாட்டாக விட்டுவிட்டு இறங்கமாட்டார்.

காணாமல்போன கதையை எல்லோரும் அறிவார்கள் என்பதால் விரைவாகக் கடக்கிறேன். 1872 நவம்பர் 7ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்கு 1,701 பீப்பாய் சாராயச் சத்துடன் புறப்பட்டது. பிரிக்ஸ், மனைவி சாரா, இரண்டு வயது மகள் சோபியா, ஏழு பணியாளர்கள். மூத்த மகன் ஆர்தருக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் பாட்டி வீட்டில் விட்டுவந்தார்கள். அந்த ஏழு வயதுப் பையன் மட்டும் பிழைத்தான். டிசம்பர் 4ஆம் தேதி அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையில், டெய் கிராசியா என்ற கப்பல் இதைக் கண்டது. உயிர்காப்புப் படகும் கடல் அளக்கும் கருவிகளும் இல்லை. கீழறையில் மூன்றரை அடித் தண்ணீர். இரண்டு பம்புகளில் ஒன்று கழற்றப்பட்டுக் கிடந்தது. தண்ணீர் ஆழம் பார்க்கும் கோல் மேல்தளத்தில் கிடந்தது. ஆறு மாதத்துக்குப் போதுமான உணவு அப்படியே இருந்தது. கடைசிக் குறிப்பு நவம்பர் 25 காலை 8 மணிக்கு, சாண்டா மரியா தீவின் அருகில் எழுதப்பட்டிருந்தது. கேபினில் சாராவின் தையல் இயந்திரமும் ஆர்மோனியப் பெட்டியும் இருந்தன. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சரியாகத் தெரியாமல், அல்லது சாராயப் பீப்பாய்களின் ஆவி வெடித்துவிடுமோ என்று பயந்து, குடும்பத்தோடு படகில் இறங்கியிருப்பார் பிரிக்ஸ் என்பது பொதுவான ஊகம். ஜெனோவாவில் இறக்கியபோது ஒன்பது பீப்பாய்கள் காலியாக இருந்தன. அந்தக் கோல் ஒன்றே போதும் எனக்கு: குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஒருவர், கோலை இறக்கி, எடுத்து, ஈரம் ஏறிய கோட்டைத் தவறாகப் படித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

டெய் கிராசியா ஆட்கள் கப்பலைக் கொண்டுசேர்த்த ஜிப்ரால்டரில் நடந்த விசாரணையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் இன்னொரு நீதிமன்றத்துக்கு எதிரில் வைத்துப் பார்க்க அது வேண்டும். கடலில் கிடந்த கப்பலை மீட்டுக் கொண்டுவந்தவர்களுக்கு அதன் மதிப்பில் ஒரு பங்கு கிடைக்கும். அட்டர்னி ஜெனரல் ஃபிரெடரிக் சாலி ஃப்ளட்டுக்கு எல்லார்மேலும் சந்தேகம். கேபினில் கிடைத்த வாளில் இருந்த கறை ரத்தம் என்றார். பரிசோதித்தபோது ரத்தம் இல்லை என்று தெரிந்தது. பணியாளர்கள் சாராயத்தைக் குடித்துவிட்டுக் கொலை செய்தார்கள் என்றார். அந்தச் சரக்கு குடிக்கத் தக்கதே அல்ல. ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் மீட்டவர்களுக்குக் கிடைத்தது 1,700 பவுண்டு, கப்பலும் சரக்கும் காப்பீடு செய்யப்பட்டிருந்த 46,000 டாலரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. குற்றமே இல்லாத இடத்தில் ஒரு நீதிமன்றம் மூன்று மாதத்துக்கு மேல் குற்றவாளியைத் தேடியது.

யாரும் கேட்காத 12 ஆண்டுகள்

கப்பல் நியூயார்க் திரும்பியது. யாருக்கும் அது வேண்டாம். துறைமுகத்தில் கிடந்து உளுத்து, 1874 பிப்ரவரியில் பெரும் நட்டத்துக்கு விற்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் ஓடி, ஓடியபடியே பணத்தை இழந்தது. 1879இல் கேப்டன் எட்கர் டட்ஹில் உடல்நலம் கெட்டு செயின்ட் ஹெலெனாத் தீவில் இறங்கி அங்கேயே இறந்தார். பிறகு பாஸ்டனைச் சேர்ந்த ஒரு கூட்டுக்குக் கைமாறியது. நீராவிக் கப்பல்கள் நல்ல சரக்கையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்த காலம். வயதான மரக்கப்பலுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். உடலுக்குள் புழு அரிக்க, பாயைத் தைத்துத் தைத்துக் கட்டிக்கொண்டு, வாடகைக்கு வந்த எதையும் ஏற்றும் நிலை. எங்கள் ஊர்த் தோணிகளின் கடைசிக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. 1884 ஜனவரியில், அப்போது பெயர் அறியப்படாத இளம் மருத்துவராக இருந்த ஆர்தர் கோனன் டாயில், இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு சிறுகதையைப் பெயர் போடாமல் லண்டன் பத்திரிகையில் வெளியிட்டார். கப்பலுக்கு மேரி என்பதை மாரி என்று மாற்றி வைத்தார். இன்றுவரை ஆங்கிலத்தில் பாதிப்பேர் அந்தத் தவறான பெயரைத்தான் சொல்கிறார்கள். பலர் அதை உண்மைச் சாட்சியம் என்றே நம்பினார்கள். என்னைத் தொந்தரவு செய்வது கதையின் தேதி. லண்டன் வாசகர்கள் பேய்க்கப்பலைப் படித்து மெய்சிலிர்த்துக்கொண்டிருந்த அந்த ஜனவரியில், அதே கப்பல் பேய் பிசாசு எதுவுமின்றி, சரக்குக்காக அலைந்துகொண்டிருந்தது. அதன் முடிவுக்கு இன்னும் சரியாக ஓராண்டு இருந்தது.

1884 ஆகஸ்டில் கில்மன் பார்க்கர் என்பவர் கேப்டனாகப் பொறுப்பேற்றார். பாஸ்டனில் சில வியாபாரிகளோடு சேர்ந்து, ஒன்றுக்கும் பெறாத பொருட்களை ஏற்றி, பட்டியலில் மட்டும் உயர்ந்த சரக்காக எழுதி, 30,000 டாலருக்குக் காப்பீடு செய்தார்கள். டிசம்பர் 16ஆம் தேதி ஹெய்ட்டியின் போர்ட்டோ பிரின்ஸ் நகரத்துக்குப் பாய் விரித்தார்கள். 1885 ஜனவரி 3ஆம் தேதி, கோனாவ் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான நீர்வழியில், ரோஷ்லுவா என்னும் பாரின் மேல் கப்பல் ஏறியது. பார் என்ற சொல்லை எங்கள் பக்கத்து மீனவர்கள் கடலடியில் உயர்ந்து நிற்கும் பாறைத் திட்டுக்கும் பவளத் திட்டுக்கும் வைத்திருக்கிறார்கள். இதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பார் புதிதாக முளைத்ததல்ல. அன்றைய பெரும்பாலான கடல் வரைபடங்களில் குறிக்கப்பட்டிருந்தது. அடிப்பலகை கிழிந்து கப்பல் தேறாமல் போனது. பார்க்கரும் ஆட்களும் படகில் துடுப்புப் போட்டுப் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். பிரிக்ஸ் குடும்பத்துக்குக் கிடைக்காத கரை இவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பார்க்கர் ஒரு பேராசை பிடித்த தவறு செய்தார். மீட்கக்கூடிய சரக்கை அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிக்கு 500 டாலருக்கு விற்றுவிட்டு, பட்டியல் மதிப்புக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தார். வாங்கியவர் பெட்டிகளைத் திறந்து பார்த்து, இது குப்பை என்று எழுதி அனுப்பினார். காப்பீட்டாளர்கள் விசாரணையில் இறங்கினார்கள். கத்தி, முள்கரண்டி என்று எழுதியிருந்த பெட்டிக்குள் இருந்தவை நாய்க் கழுத்துப் பட்டைகள்.

ஒரு சொட்டு

நாய்ப் பட்டையைப் பற்றிப் படித்த அன்று எனக்குப் பழைய கோடவுன் ஒன்று நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கம். நான் ஒரு மூத்த சர்வேயரிடம் உதவியாளன். அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். மாலத்தீவுக்குப் புறப்பட்ட ஒரு தோணி, கடல் கொந்தளிப்பால் பாதி வழியில் திரும்பி வந்து, பத்துப் பதினைந்து லுங்கிப் பேல்கள் நனைந்துபோனதாகக் கிளெய்ம் வந்திருந்தது. பேலின் சாக்கில் தண்ணீர்க் கறை இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு நூலை நறுக்கிக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, அதில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவோம். மழைத் தண்ணீரானால் தெளிவாகவே இருக்கும். கடல் தண்ணீரானால் மோர் கலந்ததுபோல வெளுக்கும். வெளுத்தது. ஆனால் கறை ஒவ்வொரு பேலிலும் மேல்பக்கத்தில் மட்டும், வாளியால் ஊற்றியதுபோல வட்டமாக இருந்தது. கட்டைப் பிரித்தேன். மேலே இரண்டு அடுக்கு லுங்கி. அதன் கீழே மில் கழிவுத் துணி.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உப்புத் தண்ணிதானல. அதை எழுது. ஊத்துனது யாருன்னு இந்தச் சொட்டு சொல்லாது" என்றார். பிறகு, மோசடி என்று எழுதினால் முதலில் போலீஸ் பிடிப்பது சரக்குக்காரனை அல்ல, தோணியை நடத்தும் தண்டையலைத்தான் என்றும், அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள் என்றும் வெளியே தேநீர்க் கடையில் சொன்னார். நான் எழுதினேன். இழப்புக்கான காரணம் என்ற இடத்தில் "கடல் நீர்". கழிவுத் துணியைப் பற்றி ஒரு வரி, படிப்பவர் கண்ணில் படாதபடி, தரம் குறைவு என்று. அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை.

பாஸ்டனில் பன்னிரண்டு பேர்

1885 ஜூலையில் பார்க்கரும் சரக்குக்காரர்களும் பாஸ்டன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். எல்லோர்மேலும் காப்பீட்டு மோசடிச் சதி. பார்க்கர்மேல் மட்டும் கூடுதலாக ஒன்று: கப்பலை வேண்டுமென்றே அழித்தது. தன்னை நம்பி ஒப்படைத்த கப்பலையும் சரக்கையும் கேப்டனோ மாலுமிகளோ கெடுப்பதற்குச் சட்டத்தில் பாரட்ரி என்று பெயர். பழைய கடல் காப்பீட்டுப் பத்திரத்தில் கடல், தீ, பகைவர், கொள்ளையர் என்று அடுக்கிக்கொண்டே வரும் ஆபத்துகளின் பட்டியலில் இதுவும் ஒன்றாக நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நீண்ட வாக்கியத்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். அன்றைய அமெரிக்காவில் அதற்குத் தண்டனை மரணம்.

நீதிபதி சதி வழக்கை முதலில் எடுத்துக்கொண்டார். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த ஜூரி அறையைத்தான். எதிரே ஆதாரம் மலைபோல் இருக்கிறது. சரக்குப் பட்டியல் பொய் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் சதி உண்மை என்று இவர்கள் கையெழுத்திட்டால், கப்பலை உடைத்ததும் அந்தச் சதியின் பகுதிதான் என்று அடுத்த வழக்கில் முடிவாகிவிடும். பார்க்கர் தூக்கில் தொங்குவார். ஓர் உயிரும் போகாத மோதல். நட்டம் அடைந்தவர்கள் காப்பீட்டு நிறுவனங்கள். அதற்கு ஒரு மனிதனின் கழுத்தா? ஜூரிகளில் சிலர் மசியவில்லை. ஆகஸ்ட் 15ஆம் தேதி, எங்களால் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை என்று அறிவித்தார்கள்.

நான் முதலில் இதைப் படித்தபோது கோபப்பட்டேன். தொழில் கோபம். சரக்கைத் திறந்து பார்த்தவனுக்குத் தெரியும், பட்டியலில் கத்தி என்று எழுதி நாய்ப் பட்டை வைத்தவன் தற்செயலாகப் பாரில் ஏறவில்லை என்று. பிறகு, கோடவுனில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணாச்சியின் கை நினைவுக்கு வந்தது. அவரும் தன் பங்குக்கு ஒரு ஜூரிதான். தண்டையலின் மூன்று பெண்பிள்ளைகளை வைத்துத் தீர்ப்பு எழுதினார். அவர் செய்தது சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சரக்குக்காரர் அடுத்த ஆண்டே வேறொரு தோணியில், வேறொரு கம்பெனியின் பாலிசியில் மறுபடி நனைந்தார். அந்தக் கிளெய்மைப் பார்க்க எங்களை அழைக்கவில்லை.

மறு விசாரணைக்குச் செலவாகும் என்பதால் நீதிபதி ஒரு சமரசம் ஏற்பாடு செய்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்று, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாரட்ரி வழக்கு ஒத்திவைக்கப்பட்டு, பார்க்கர் வீட்டுக்குப் போனார். அதன் பின் அவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. மூன்று மாதத்தில் வறுமையில் இறந்தார். உடன் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தது, மற்றொருவர் தற்கொலை செய்துகொண்டார். உடனே சாபக் கதைக்காரர்கள் இந்த மூன்று பேரின் கதியையும் கப்பலின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். கடனிலும் அவமானத்திலும் அழிந்தவர்களுக்குப் பேயைக் காரணம் காட்டுவது வசதியாக இருக்கிறது.

ஜிப்ரால்டரில் குற்றம் இல்லாமலே குற்றவாளியைத் தேடினார்கள். பாஸ்டனில் குற்றவாளி கண்முன் நின்றும் தீர்ப்பு வரவில்லை. முதல் கதையை எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் சங்கடமில்லை: கடலும் காற்றும்தான் அதில் எதிராளிகள். இரண்டாவது கதையில் பட்டியல் எழுதிய கை, முத்திரை குத்திய கை, பார்த்தும் பார்க்காத கை என்று நிறையக் கைகள் வருகின்றன. அவற்றில் ஒன்று எனக்குப் பழக்கமானது.

இதையெல்லாம் தங்கை மகனுக்கு விளக்கி எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான், கப்பலின் எச்சத்தைத் தேடியவர்களைப் பற்றிய செய்தியை மறுபடி எடுத்துப் படித்தேன். 2001இல் ஒரு குழு ரோஷ்லுவா பாரில் இறங்கி, பவளம் மூடிய மரத்துண்டுகளையும் சில உலோகப் பொருட்களையும் எடுத்துவந்து, மேரி செலஸ்ட்டைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவித்தது. பிறகு அந்த மரத்தின் ஆண்டு வளையங்களை ஸ்காட் செயின்ட் ஜார்ஜ் என்ற ஆய்வாளர் எண்ணிப் பார்த்தார். மரம் பெரும்பாலும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்தது; 1894இலும் அது காட்டில் உயிரோடு நின்றுகொண்டிருந்தது. மேரி செலஸ்ட் அதே பாரில் உடைந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தண்ணீருக்கடியில் அவர்கள் தொட்டது வேறு கப்பல்.